மெமரி கார்டில் நாலாயிரம் மாடு, ஒரே ஒரு புலி

காட்டில் வைத்த கேமராவை முதல் தடவை கழற்றி வந்து, மெமரி கார்டை லேப்டாப்பில் போட்ட ராத்திரி நன்றாக நினைவிருக்கிறது. பவானிசாகர் பக்கம் ஒரு வேட்டைத் தடுப்பு முகாம். தகரக் கூரை, ஒரு சோலார் விளக்கு, சுற்றிலும் யானை வராமல் இருக்க வெட்டின அகழி. நானும் கூட வந்த இரண்டு பையன்களும் புலியைப் பார்க்கப்போகிற ஆசையில் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். நாலாயிரத்துச் சொச்சம் படங்கள். மாடு. மாடு. மாட்டின் வால். காற்றில் ஆடுகிற புல். கேமராவை நக்கும் மாடு. அதன் நாக்கு மட்டுமே பதினெட்டுப் படம். விறகுச் சுமையோடு ஒரு பெண். மறுபடி மாடு. விடியற்காலை 4.52-க்கு விழுந்த ஒரே ஒரு படத்தில் புலி, அதுவும் பின்பாதிதான்.

எங்களோடு இருந்த ஊராளிப் பழங்குடி அண்ணன், அந்தக் காட்டுப் பகுதியின் வேட்டைத் தடுப்புக் காவலர், அடுப்பில் களி கிண்டிக்கொண்டே எட்டிப் பார்த்துச் சிரித்தார். "புலிய எண்றோம்னு வந்துட்டு மாட்ட எண்ணிக்கிட்டு இருக்கீங்க." அப்போது அதைக் கிண்டலாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

நான் வனத்துறைக்காரன் இல்லை. விலங்கியல் படித்துவிட்டு, 2015-ல் சத்தியமங்கலம் காட்டுக்குத் தன்னார்வலனாகப் போனவன். பிறகு ஆய்வு வேலைகளில் கள உதவியாளனாக ஆறு வருஷம். இப்போது வேறு பிழைப்பு. காட்டுயிர் வேலைக்கு வர நினைக்கிற தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கிறார்கள், "புலியப் பாத்திருக்கீங்களா அண்ணா?" என்று. நேரில் மூன்றே தடவை. மூன்றையும் சேர்த்தால் ஒரு நிமிஷம் தேறாது. மிச்ச ஆறு வருஷமும் மாடு, புல், கம்பிச் சுருக்கு, நிவாரண மனு, இவற்றோடுதான் போனது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் இந்தக் காட்டைப் பற்றிக் கொஞ்சம். சத்தி காடு என்றாலே ஒரு காலத்தில் வீரப்பன்தான். 2004 அக்டோபரில் அந்தக் கதை முடிந்தது. 2008-ல் சரணாலயம், 2013-ல் புலிகள் காப்பகம். 1,400 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மேற்கே முதுமலை, வடக்கே பந்திப்பூரும் பிலிகிரி ரங்கன மலையும். அந்தப் பக்கம் இடம் போதாமல் தள்ளப்படுகிற இளம் புலிகளுக்கு இந்தக் காடு திறந்த வீடு. 2011 வாக்கில் 25 என்று சொல்லப்பட்ட புலிகள், பத்து வருஷத்தில் 80 ஆனதற்காக 2022 தொடக்கத்தில் சர்வதேச விருதும் கிடைத்தது. தமிழ்நாடு முழுக்கப் பார்த்தால் 2006-ல் 76, 2022-ல் 306.

இந்த எண்ணிக்கையைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். தட்ட வேண்டியதுதான். ஆனால் புலி பெருகியதே தவிரக் காடு பெருகவில்லை. பெண் புலி ஒன்றுக்கு, மான் நிறைய உள்ள காட்டிலேயே பதினைந்து இருபது சதுர கிலோமீட்டர் வேண்டும். ஆணுக்கு அதைவிடப் பல மடங்கு. வாரத்துக்கு ஒரு பெரிய உருப்படி என்று வைத்தாலும் வருஷத்துக்கு ஐம்பது மான். இரண்டு வயதில் தாயை விட்டுப் பிரிகிற குட்டி எங்கே போகும்? நல்ல இடத்தில் எல்லாம் ஏற்கெனவே ஒரு புலி உட்கார்ந்திருக்கிறது. சின்னவனும், பல் போன கிழவனும் காட்டோரத்துக்குத்தான் வந்தாக வேண்டும். காட்டோரத்தில் இருப்பது மாடு.

சரி, எண்ணுகிற வேலையைச் சொல்லிவிடுகிறேன். முன்பு கால்தடத்தைக் கண்ணாடியில் வரைந்து, பிளாஸ்டர் அச்சு எடுத்து எண்ணினார்கள். அந்த முறையின் லட்சணம் ராஜஸ்தானத்துச் சரிஸ்காவில் வெளுத்தது. 2004-05-ல் கணக்கு நோட்டில் புலி இருந்தது, காட்டில் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகுதான் கேமரா முறை நாடு முழுக்க வந்தது. காட்டை இரண்டு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு ஜோடி கேமரா, பாதைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. புலியின் இடது விலாக் கோடும் வலது விலாக் கோடும் ஒன்றாக இருக்காது. ஒரு பக்கம் மட்டும் படம் விழுந்தால், ஒரே புலியை இரண்டாக எண்ணிவிடலாம்.

கேமராவைக் கட்டுவதில் நான் செய்யாத தப்பு இல்லை. முதல் வருஷம் இடுப்பு உயரத்தில் கட்டினேன். புலியின் முதுகுத் தண்டுதான் விழுந்தது. முழங்கால் உயரம், ஒன்றரை அடி, போதும். இரண்டையும் நேருக்கு நேர் வைத்தால் ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் படத்தை வெளுத்துவிடும். கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். சூரியனைப் பார்த்து வைக்கக் கூடாது. முன்னால் இருக்கிற புல்லை ஐந்தடிக்குச் செதுக்கவில்லை என்றால் காற்றடிக்கும்போதெல்லாம் படம் எடுத்து பேட்டரி தீர்ந்துபோகும். யானைக்குக் கேமரா ஆகாது. இரும்புப் பெட்டி போட்டாலும் பிடுங்கி மிதித்துவிட்டுப் போகும். கடைசியாக விழுந்த படத்தில் தும்பிக்கையின் நுனி மட்டும் இருக்கும்.

அந்த விறகுச் சுமைப் பெண்ணின் படம் என்னை ரொம்ப நாள் உறுத்தியது. அவருக்குத் தெரியாமல் எடுத்த படம். காட்டுக்குள் ஒதுங்கப் போகிறவர்கள், விறகு பொறுக்குகிறவர்கள், எல்லோரும் அதில் விழுகிறார்கள். அடுத்த வருஷத்திலிருந்து கேமரா கட்டும் முன்பே ஊர் டீக்கடையிலும் பால் சொசைட்டியிலும், எந்தத் தடத்தில், எத்தனை நாள் என்று சொல்லிவிடுவோம். மனிதர் படங்களை முதலில் அழித்துவிட்டுத்தான் மற்ற வேலை. அப்படிச் செய்யத் தொடங்கியதும் கேமரா திருட்டு பாதியாகக் குறைந்தது. திருடியவர்களில் பலர் வேட்டைக்காரர்கள் இல்லை, படத்துக்குப் பயந்தவர்கள்.

இப்போது மாட்டுக்கு வருவோம். நாலாயிரம் படத்தில் மாடு இருந்தது என்றால் அந்தத் தடத்தில் மானுக்குப் புல் இல்லை என்று அர்த்தம். மசினகுடி, மாயாறு பக்கமெல்லாம் பட்டி மாடு வைத்திருப்பது பாலுக்காகக்கூட இல்லை, பெரும்பாலும் சாணத்துக்காக. காட்டில் மேய்ந்த மாட்டின் சாணம் லாரியில் ஏறி மேலே மலைத் தோட்டங்களுக்கும் கேரளாவுக்கும் போகும். யோசித்துப் பாருங்கள், காட்டின் சத்து மூட்டை மூட்டையாக வெளியே போகிறது. அதற்கு மேல், மாட்டிலிருந்து காட்டு விலங்குக்குத் தொற்றுகிற நோய். 1968-ல் முதுமலை பந்திப்பூர்ப் பகுதியில் வெக்கை நோய் பரவிக் காட்டுமாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதனால் காட்டோர ஊரில் கோமாரித் தடுப்பூசி முகாம் நடத்துவதைப் புலிப் பாதுகாப்பு வேலை என்றே நான் சொல்லுவேன். ஊர்க்காரர்களுக்கும் அதில் லாபம் இருப்பதால் மறு பேச்சில்லாமல் மாட்டை ஓட்டி வருவார்கள்.

2022-ல் உயர் நீதிமன்றம் புலிகள் காப்பகங்களிலும் சரணாலயங்களிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. தீர்ப்பு சரி. ஆனால் காட்டோரத்தில் இருப்பவனுக்கு மாற்றாக என்ன கொடுத்தோம்? தீவனப் புல் வளர்க்கத் தண்ணீர் இல்லாத மேட்டு நிலம். தடை வந்த மறுநாளும் மாட்டுக்கு வயிறு இருக்கிறது. ராத்திரியில் ஓட்டிப் போகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

புல் இல்லாமல் போனதற்கு மாடு மட்டும் காரணம் இல்லை. உண்ணிச்செடி. இருநூறு வருஷத்துக்கு முன் வெள்ளைக்காரர்கள் தோட்டத்து அழகுக்குக் கொண்டுவந்தது, இப்போது ஆள் நுழைய முடியாதபடி காட்டுக்குள் புதர் கட்டி நிற்கிறது. அடியில் ஒரு புல் முளைக்காது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் சீமைக்கருவேலம். அதன் காயை மாடும் யானையும் வெளிமானும் தின்று விதையைச் சாணத்திலேயே நட்டு விடுகின்றன. முதுமலைப் பக்கம் மஞ்சள் கொன்னை. அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள், நல்ல வேலை.

உண்ணியை வெட்டப் போய் நாங்கள் கற்றது இது. தரைக்கு மேலே வெட்டினால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்காகத் துளிர்க்கும். முதல் வருஷம் நாற்பது கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிப் போய் ஒரு ஏக்கர் வெட்டி, பேனர் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் முன்பு இருந்ததைவிட அடர்த்தி. அண்ணன்தான் காட்டினார். மண்ணுக்குக் கீழே நாலு விரல் தோண்டி, ஆணிவேரை அங்கே வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். காய் பழுக்கும் முன் செய்ய வேண்டும். பறவை உட்காரும் பெரிய மரத்தடியில்தான் புதுக் கன்று முளைக்கும், அங்கே மறுபடி மறுபடி போய்ப் பிடுங்க வேண்டும். வெட்டின இடத்தில் உள்ளூர்ப் புல்லை நடாமல் விட்டால் வேறு களை வந்து உட்காரும். மூன்று வருஷம் திரும்பி வர முடியாது என்றால் அந்த ஒரு ஏக்கரில் கை வைக்காமல் இருப்பதே மேல். வெட்டின தண்டைத் தூக்கிப் போடவும் வேண்டாம். நீலகிரியில் பழங்குடிக் கைவினைஞர்கள் அதில் ஆளுயர யானைகளே செய்கிறார்கள்.

இனி நான் செய்த பெரிய தப்பு.

அந்த ஊரின் பெயர் வேண்டாம். காட்டை ஒட்டின கடைசித் தோட்டம், வேலிக்கு அந்தப் பக்கம் ரிசர்வ் காடு. அறுபது தாண்டின ஒரு ஆத்தா தனியாக இருந்தார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். மூன்று கறவை மாடு, இரண்டு கிடேரி. 2016 ஐப்பசியில் சினை மாடு ஒன்றைப் புலி அடித்தது. கட்டுத்தாரையில் இல்லை, வேலியோரம் மேய்ந்தபோது. நாங்கள் போனபோது ஆத்தா திண்ணையில் உட்கார்ந்து மூக்கணாங்கயிற்றை மடியில் வைத்திருந்தார். அழவில்லை. "இன்னும் ஒரு மாசத்துல கன்னு போட்டிருக்கும் கண்ணு" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "நிவாரணம் ஒரு மாசத்துல வந்துரும் ஆத்தா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? படம் எடுத்தோம், மாட்டு டாக்டர் சான்றிதழ் வாங்கினோம், மனு எழுதிக் கொடுத்தோம். நாலு மாதம் கழித்து ஓர் அலுவலகத்திலிருந்து அந்தக் காகிதம் திரும்பி வந்தது. ஆதார் அட்டையில் ஆத்தாவின் இனிஷியல் புருஷன் பேருக்கு, வங்கி பாஸ்புக்கில் அப்பன் பேருக்கு. ஒரே ஓர் எழுத்து. அதைத் திருத்த மூன்று தடவை பஸ் ஏறினார். பணம் வந்தபோது ஏழு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அது வருவதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது.

பங்குனி. கிடேரி ஒன்று போய்விட்டது. இந்தத் தடவை ஆத்தா யாருக்கும் சொல்லவில்லை. அண்ணன்தான் ரோந்தில் போகும்போது பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டார். "ஓடையில மாடு கெடக்குது. பக்கத்துல மூணு காக்கா செத்துக் கெடக்குது." நான் போனேன். செத்து ஒன்றரை நாளான மாடு, ஆனால் ஈ சத்தம் இல்லை. அதுதான் முதலில் உறைத்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஈக்கள் தரையில் கொட்டிக் கிடக்கின்றன. தொடைச் சதையின் கிழிசலில் கத்திரிப்பூ நிறத்தில் பொடிப்பொடியாகக் குருணை மருந்து. நெல் வயலுக்குப் போடுவது. அந்த வாடையை ஒரு தடவை முகர்ந்தால் மறக்காது.

அந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு குட்டியோடு ஒரு பெண் புலி இருந்தது எங்களுக்குத் தெரியும், கேமராவில் விழுந்திருந்தது. புலி அடித்ததை ஒரே வேளையில் தின்று முடிக்காது. மறைவுக்கு இழுத்துப்போட்டுவிட்டு நாலைந்து நாள் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பழக்கம்தான் விஷம் வைக்கிறவனுக்கு வசதி. வனச்சரகருக்குச் சொன்னோம். டாக்டர் வந்து மாதிரி எடுத்தார், மாட்டை எரித்தோம். பிறகு காத்திருந்தோம். பதினோரு நாள். தினமும் கார்டை எடுத்து வந்து மாடு, மாடு, புல் என்று தள்ளிக்கொண்டே போனோம். பன்னிரண்டாம் நாள் தாயும் பின்னால் இரண்டு குட்டியும் வரிசையாக நடந்து போன படம் கிடைத்தது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் பீடி பற்ற வைத்தார்.

ஆத்தாவிடம் போனேன். மறைக்கவில்லை. "ஆமா, நாந்தான் வெச்சேன். நீ ஒரு மாசம்னு சொன்னே. பொய் சொன்னவன் நீ" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அதிகாரி கடுமையாக எச்சரித்து எழுதி வாங்கிக்கொண்டு விட்டார். வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்று எங்களில் ஒருவன் இன்றைக்கும் சண்டை போடுவான். சட்டப்படி அவன் சொல்வது சரி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இது ஜெயில். ஆனால் அவரை ஜெயிலுக்கு அனுப்பியிருந்தால் அந்தச் சரகத்தில் ஒருவரும் எங்களுக்கு வாய் திறந்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

இது நடக்காத கதை என்று நினைக்க வேண்டாம். 2023 ஆகஸ்ட், செப்டம்பரில் நீலகிரியில் மட்டும் குட்டிகளோடு சேர்த்துப் பத்துப் புலிகள் செத்தன. அவற்றில் அவலாஞ்சியில் செத்த இரண்டும் விஷம் தடவின மாட்டைத் தின்றவை, மாட்டுக்காரர் கைதானார். புலியோடு முடிவதும் இல்லை. தென்னிந்தியாவில் பாறுக் கழுகு பெரிய அளவில் கூடு கட்டுகிற இடம் மாயாற்றுப் பள்ளத்தாக்குதான். ஒரு விஷ மாடு முப்பது கழுகைக் கூட்டிக்கொண்டு போகும்.

அந்தப் பங்குனிக்குப் பிறகு எங்கள் முறையை மாற்றினோம். ஐந்து பேர் சேர்ந்து ஒரு சின்னத் தொகை போட்டு, மாடு போன அன்றைக்கே மூவாயிரம் ரூபாய் கையில் கொடுப்பது என்று வைத்தோம். நிவாரணம் இல்லை, கைமாற்று. அரசாங்கப் பணம் வந்ததும் திருப்பித் தரலாம். பெரும்பாலோர் தந்தார்கள். மூவாயிரத்தில் மாடு வாங்க முடியாது; ஆனால் அன்று ராத்திரி குருணை மருந்துப் பையைத் தேடுகிற கையை அது தடுத்தது. அப்புறம், மாடு சாகும் முன்பே காகிதத்தைச் சரி பண்ணுவது. காட்டோர வீடு ஒவ்வொன்றாகப் போய் ஆதார், பாஸ்புக், ரேஷன் கார்டு மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தோம். மூன்றில் ஒரு வீட்டுக்குப் பேர் ஒத்துவரவில்லை. புலிப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டு போய் நான் செய்த மிக உபயோகமான வேலை அந்த இனிஷியல் திருத்தம்தான் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

காட்டோரத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன். மாடு அடிபட்டால் அதை நகர்த்தாதீர்கள், தோலை உரிக்காதீர்கள், கூட்டம் சேர்க்காதீர்கள். தூரத்தில் இருந்து, பின்னால் இருக்கிற மரமோ வேலியோ தெரிகிற மாதிரி படம் எடுத்துவிட்டு வனத்துறைக்குப் போன் போடுங்கள். புலி பெரும்பாலும் பின்தொடையிலிருந்து தின்னத் தொடங்கும், இரைப்பையை உருவித் தனியாகப் போட்டுவிடும். சிறுத்தை வயிற்றுப் பக்கம். செந்நாய் என்றால் நாலா பக்கமும் குதறல், கழுத்தில் பல் தடம் இருக்காது. எது அடித்தது என்று டாக்டர் எழுதுவதற்கு இதெல்லாம் தேவை. மாலை ஐந்துக்கு மேல் அந்தப் பக்கம் போகாதீர்கள், அது திரும்பி வருகிற நேரம். மாட்டைக் கட்டுத்தாரையில் அடைத்து ஒரு விளக்குப் போட்டாலே பாதி மாடு பிழைக்கும்.

சுருக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். புலிக்காக வைப்பவர்கள் குறைவு. 2023 பிப்ரவரியில் சத்தி பக்கத்திலேயே புலித்தோலோடு வடநாட்டு ஆட்கள் பிடிபட்டார்கள், அது தனி வலைப்பின்னல். நான் அதிகம் எடுத்தது பன்றிக்கும் முயலுக்கும் வைத்த பைக் பிரேக் கம்பிதான். பன்றிக்கு வைத்த கம்பியில் புலியின் காலும் மாட்டும், யார் கால் என்று கம்பிக்குத் தெரியாது. தீனிக்குள் வெடி வைக்கிற அவுட்டுக்காயும் அப்படித்தான், பன்றிக்கு வைத்ததை யானைக் கன்று கடிக்கும். சுருக்கு தேடுவது ஒரு தனிக் கலை. நடுக்காட்டில் தேடி நாங்கள் வீணாகச் சுற்றியிருக்கிறோம். வேலிக்கும் காட்டுக்கும் நடுவில், பன்றி புகுகிற சந்தில், குனிந்து, காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் நடந்தால் கம்பி மின்னும். புதிதாக ஒடித்து நட்ட குச்சி வேலி காரணமில்லாமல் இருந்தால் அதன் இடைவெளியில் கட்டாயம் ஒன்று இருக்கும். ஒரு மாசி மாதத்தில் ஒரே ஓடையோரம் பதினாலு எடுத்தோம். கொடுவாளால் வெட்டி எறிந்துவிட்டு வராதீர்கள். ஜி.பி.எஸ். புள்ளியைக் குறித்து சரகத்தில் கொடுங்கள். அடுத்த வருஷமும் அதே சந்தில்தான் வைப்பான்.

திம்பம் மலைப்பாதைக்கு இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. 2022 பிப்ரவரி 10 முதல் அங்கே இரவு வாகனத் தடை இருக்கிறது. தாளவாடி விவசாயிகள் எதிர்த்துப் போராடினார்கள். அவர்கள் காய்கறி ராத்திரியில்தான் சந்தைக்குப் போகும், கோபத்தில் நியாயம் உண்டு. நான் தடையின் பக்கம்தான். வளைவில் அடிபட்டுக் கிடந்த சிறுத்தைக் குட்டியை ஓரமாக இழுத்துப் போட்ட கை இது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வரவில்லை.

2021-ல் கூடலூர், மசினகுடியில் டி23 என்று எண் வைத்த புலி நாலு பேரைக் கொன்றதாகச் சொல்லித் தேடியது உங்களுக்கும் நினைவிருக்கும். கும்கி, டிரோன், மோப்ப நாய் என்று 21 நாள். உடனே சுட வேண்டாம் என்று நீதிமன்றமும் சொல்லியிருந்தது. அக்டோபர் 15-ல் உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். அந்த நாட்களில் எங்கள் வாட்ஸ்அப்பில் தினமும் ஐந்து "புலி வீடியோ" வந்தது. ஒன்று வேறு மாநிலம், ஒன்று சர்க்கஸ், ஒன்று நாய். ஒவ்வொன்றுக்கும் நூறு பேர் ஓடினார்கள். ஆள் கூடினால் புலி இடம் மாறும், இடம் மாறினால் தேடுகிறவன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்போதிருந்து நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: புலிப் படம் எதையும், என் கேமராவில் விழுந்ததையும், இடம் சொல்லி யாருக்கும் அனுப்புவதில்லை. வேட்டைக்காரனும் அதே வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறான்.

ஆத்தா எனக்குப் போன் போட்டது போன வருஷம். நான் அந்த வேலையை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது. விடிகாலை ஐந்தரை. "ஏங்கண்ணு, தூங்கறயா? மாடு போயிருச்சு. ஒருத்தனையும் கிட்ட விடல. வா." கோவையிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். எனக்கு முன்பே வனத்துறைக்குச் சொல்லியிருந்தார். திண்ணையில் ஒரு பிளாஸ்டிக் கவர். ஆதார், பாஸ்புக், ரேஷன் கார்டு, ஒவ்வொன்றிலும் மூன்று ஜெராக்ஸ். அண்ணன் ஓடையோரம் அடிபட்ட மாட்டுக்குப் பக்கத்தில் கேமரா கட்டிவிட்டு வந்தார். நான் அங்கேயே தங்கினேன்.

மறுநாள் காலை அண்ணன் கார்டை எடுத்து வந்து போனில் காட்டினார். ராத்திரி 8.10. புலி, முழு உடம்பு, இடது விலா. ஆத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனைக் கையில் வாங்கி, கிட்டத்தில் தூரத்தில் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"மடி தொங்குது பாரு. குட்டி போட்டவ."

ஆமாம் என்றேன்.

"நாப்பதாயிரம் ரூவா மாடு" என்றபடி போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "நீ எப்ப வரும்னு சொல்லாத. வந்தாச் சொல்லு" என்றுவிட்டு, பால் கேனை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குக் கிளம்பினார்.